பால் காய்ச்சிய கதை

அண்ணன் தம்பி நாலு பேர் இருக்கும் வீடு உடைந்தால் தெருவே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முதலில் பெட்டியைத் தூக்கியது யார்? பீட்டில்ஸ் வீட்டைப் பொறுத்தவரை 1970 ஏப்ரலில் உலகம் கூடிப் பேசித் தீர்ப்பு எழுதிவிட்டது. பால் மெக்கார்ட்னி தனியாக ஓர் ஆல்பம் போட்டார், போட்ட கையோடு தனிக்குடித்தனம் போனார், குடும்பம் சிதறியது. லிண்டா என்று ஒருத்தி வந்து மயக்கிவிட்டாள் என்ற கிளைக்கதையும் உண்டு. அதே கிளைக்கதை ஜான் லெனன் பக்கத்தில் யோகோ பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. வந்த மருமகள்மேல் பழியைப் போடுவதில் இங்கிலாந்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அதுவரை கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகாத ஒரே ஆள் பால்தான்.

முதலில் போனவர் ரிங்கோ. 1968 ஆகஸ்ட். நான் சரியாக வாசிப்பதில்லை, நீங்கள் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு திரிகிறீர்கள், எனக்கு இங்கே இடமில்லை என்று ஜானிடம் போய் முறையிட்டார். ஜானோ, "நீங்க மூணு பேருந்தான் ஒட்டிட்டுத் திரியறீங்கன்னு நான் நினைச்சேன்" என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். சரி, பாலிடம் போவோம் என்று போனால் அவரும் அதையே சொன்னார். ஜார்ஜிடம் கேட்பது வீண் என்று ரிங்கோ சார்டினியாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே நடிகர் பீட்டர் செல்லர்ஸின் படகில், ஆக்டோபஸ்கள் கல் பொறுக்கித் தோட்டம் போடும் என்று படகின் கேப்டன் சொன்ன கதையைக் கேட்டு ஒரு பாட்டு கட்டிக்கொண்டு திரும்பினார். வந்து பார்த்தால் டிரம்ஸ் முழுக்கப் பூ. சமாதானம்.

அடுத்தது ஜார்ஜ் ஹாரிசன். 1969 ஜனவரி 10. ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோவில் கேமராக்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போய்விட்டார். அன்றைய அவருடைய டைரிக் குறிப்பை உலக இலக்கியத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. காலையில் எழுந்தது, மதியம் வரை ஒத்திகை பார்த்தது, பீட்டில்ஸை விட்டு விலகியது, வீட்டுக்குப் போனது, ராத்திரி நண்பர் வீட்டில் சிப்ஸ் சாப்பிட்டது, எல்லாம் ஒரே வரிசையில், ஒரே குரலில். உலகத்தின் மிகப் பெரிய இசைக்குழுவை விட்டு வந்ததற்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் சமமான மை. ஜான் பதறினாரா? இல்லை. ரெண்டு நாளில் வராவிட்டால் கிட்டாருக்கு எரிக் கிளாப்டனைக் கூப்பிடலாம் என்றார். ஜார்ஜ் அந்த மாதமே திரும்பி வந்தார்.

மூன்றாவது ஜான். இவர் போனதுதான் நிஜமாகப் போனது. 1969 செப்டம்பர் 20, லண்டன் சவில் ரோவில் அவர்களுடைய ஆப்பிள் அலுவலகம். பழையபடி சின்னச் சின்ன கிளப்புகளில் போய் வாசிப்போமா என்று பால் ஆசையாகப் பேச்செடுத்தார். உனக்கு மூளை குழம்பிப்போச்சு, எனக்கு விவாகரத்து வேண்டும் என்றார் ஜான். எல்லோர் முகமும் வெளுத்தது. மானேஜர் ஆலன் க்ளைன் முகம் மட்டும் வேறு காரணத்துக்காக வெளுத்தது: ராயல்டியை ஏற்றித் தரும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் நேரம் அது. நாலு பேர் இருக்கும் குழுவுக்குத்தான் அந்தப் பணம். மூணே முக்கால் பேருக்கு அல்ல. "கொஞ்ச நாள் வாயைத் திறக்காதே" என்று ஜானைக் கேட்டுக்கொண்டார்கள். ஜான் வாழ்க்கையில் மிக அபூர்வமாக வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்குப் பிறகு ஏழு மாதம் உலகம் இல்லாத ஒரு குழுவை நேசித்துக்கொண்டிருந்தது.

க்ளைனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1967-ல் பழைய மானேஜர் பிரையன் எப்ஸ்டீன் செத்துப்போனதும் கணக்கு வழக்குப் பார்க்க ஆளில்லாத வீடானது பீட்டில்ஸ். ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் நியூயார்க்கிலிருந்து வந்த க்ளைனைப் பிடித்துக்கொண்டார்கள். பால் மட்டும் லீ ஈஸ்ட்மன் என்ற நியூயார்க் வக்கீலையும் அவர் மகன் ஜானையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த வக்கீல் லிண்டாவின் அப்பா. குடும்பச் சொத்தைப் பார்த்துக்கொள்ள என் மாமனாரையும் மச்சானையும் போடலாம் என்று எந்தத் தம்பியாவது சொன்னால் மற்ற அண்ணன்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதையேதான் அவர்களும் சொன்னார்கள். மூணுக்கு ஒண்ணு.

ஜான் விவாகரத்து கேட்ட பிறகு பால் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். கின்டைர் தீபகற்பத்தில் கேம்பல்டவுனுக்குப் பக்கத்தில் அவருக்கு ஹை பார்க் என்று ஒரு பண்ணை. ஆட்டு மந்தை, ஒழுகும் கூரை, மழை. தாடியை வளர்த்தார், காலையிலேயே விஸ்கியைத் திறந்தார், கட்டிலை விட்டு எழ மறுத்தார். வேலை போய்விட்ட ஆண்பிள்ளை எப்படி இருப்பானோ அப்படியே. வீட்டில் லிண்டா, அவளுடைய முதல் கல்யாணத்துப் பெண் ஹெதர், ஆகஸ்டில் பிறந்த கைக்குழந்தை மேரி.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் பால் செத்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். 1966-லேயே விபத்தில் போய்விட்டாராம். இருப்பது டூப்பாம். ஆதாரம்? 'அபே ரோட்' ஆல்பம் அட்டையில் வெறுங்காலோடு நடக்கிறார். பின்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டில் ஒரு 28 இருக்கிறது. இருந்திருந்தால் வயது 28 ஆகியிருக்குமாம். கணக்குப்படி 27தான். செத்தவனுக்கு ஒரு வயது கூட்டிப் போட்டார்கள், நல்ல மனசு.

உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் பண்ணைக்கே வந்து இறங்கினார்கள். பால் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவர்கள்மேல் வீசினார். வீசும்போதே கேமரா கிளிக்கியது. கிளம்பிப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது: நாளைக்கு உலகம் முழுக்க நம் படம் வாளியோடு வரப்போகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு துரத்திப் பிடித்து, அந்தப் பிலிமைக் கொடுத்துவிடுங்கள், பதிலுக்குப் பேட்டியும் குடும்பப் படமும் தருகிறேன் என்று பேரம் பேசினார். 1969 நவம்பர் 7 தேதியிட்ட இதழில் அந்தக் குடும்பப் படம் அட்டையிலேயே வந்தது. உள்ளே, பீட்டில்ஸ் சமாச்சாரம் முடிந்துவிட்டது என்று பால் பளிச்சென்று சொல்லியிருந்தார். ஒரு குருவிகூடக் கவனிக்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வந்த கூட்டம், உயிரோடு இருப்பவர் என்ன சொல்கிறார் என்று படிக்கவில்லை.

கடைசியில் லிண்டாதான் அவரைக் கட்டிலிலிருந்து கிளப்பினாள் என்று பாலே பல தடவை சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் கேவண்டிஷ் அவென்யூ வீட்டுக்குத் திரும்பினார்கள். அபே ரோட் ஸ்டூடியோ நடந்து போகும் தூரம். ஆனால் அங்கே போனால் மற்ற மூணு பேரைப் பற்றிக் கேட்பார்கள். எனவே ஸ்டூடர் நாலு டிராக் ரெக்கார்டிங் மெஷின் ஒன்று வீட்டுக்கே வந்து இறங்கியது.

மெஷின் வந்தது, மிக்ஸர் வரவில்லை. சத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் முள் மீட்டரும் இல்லை. ஒரே மைக். அதன் வயரை நேராக மெஷின் முதுகில் செருகினார். டிரம்ஸ் பதிய வேண்டுமென்றால் மைக்கை முன்னால் வைத்து வாசித்து, ஓடி வந்து டேப்பைத் திருப்பிக் கேட்டு, சிம்பல் எடுபடவில்லையென்றால் மைக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு நாற்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைத்த மனிதர். இப்போது எஞ்சினியர், எடுபிடி, கிட்டார், பேஸ், டிரம்ஸ், பியானோ எல்லாம் அவரே. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க லிண்டாவைப் பற்றி முக்கால் நிமிஷத்துக்கு ஒரு பாட்டைச் சும்மா பாடிப் பார்த்தார். நடுவில் கதவு கிறீச்சிட்டது. முடிவில் சிரிப்பு வந்துவிட்டது. அதையே ஆல்பத்தின் முதல் பாட்டாகப் போட்டுவிட்டார், கதவோடு சேர்த்து.

பிப்ரவரியில் வில்ஸ்டனில் இருந்த மார்கன் ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே அவர் பெயர் பில்லி மார்ட்டின். அதற்கு முந்தின வருஷம் க்ளைன் சண்டை முற்றிய ஒரு ராத்திரி, மற்ற மூவரும் எழுந்து போனதும் ஸ்டீவ் மில்லரின் பாட்டுக்குக் கோபத்தை எல்லாம் சேர்த்து டிரம்ஸ் அடித்துக் கொடுத்தபோது அவர் பெயர் பால் ராமோன். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் பில்லி மார்ட்டின் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்த ஸ்டூடியோவில் அவர் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பிடித்தது கடைசிப் பாட்டு. பிரேசில் காட்டில் வாழும் க்ரீன்-அக்ரோர் பழங்குடிகளைப் பற்றி டிவியில் ஒரு படம் பார்த்திருந்தார். வேட்டையை டிரம்ஸில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. அம்பு சத்தம் வேண்டுமா, நிஜ வில்லும் அம்பும் வரவழைக்கப்பட்டன. மைக் முன்னால் விட்டார், வில் ஒடிந்தது. மிருகங்களின் சத்தம் வேண்டுமா, அவரும் லிண்டாவும் கத்தி, அதை வேகமாக ஓட்டினார்கள். மந்தை ஓடும் சத்தத்துக்குக் கிட்டார் பெட்டி. காட்டுத் தீ வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குள்ளேயே நெருப்பு மூட்டினார். தீ சத்தம் சரியாக வரவில்லை, சுள்ளி ஒடிந்த சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். வாடகை ஸ்டூடியோ என்பதைக் கவனிக்கவும். இவ்வளவும் செய்து கேட்டால் பாட்டு, யாரோ டிரம்ஸ் பழகுவதுபோல இருக்கிறது. ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் கட்டிலை விட்டு எழாத மனிதர் ஸ்டூடியோவுக்குள் அம்பு விடுகிறார் என்றால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம்.

மற்ற பாட்டுகளும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு பாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே வரி. ரிஷிகேஷில் போட்ட 'ஜங்க்' பாட்டு, வார்த்தையோடு ஒரு தடவை, வார்த்தை இல்லாமல் இன்னொரு தடவை. மீந்ததை வீணாக்காத குடும்பஸ்தன். ஒயின் கிளாஸ் விளிம்பைத் தேய்த்து எழுப்பிய சத்தம் ஒரு துண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய இசைத்துண்டு ஒன்று. இத்தனைக்கும் நடுவே, அபே ரோடுக்கே போய்ப் பதிந்த 'மேபி ஐம் அமேஸ்ட்' திடீரென்று பியானோவோடு எழுந்து நிற்கும்போது, இந்த ஆளை ஏன் யாரும் கைவிட முடியவில்லை என்று புரிந்துவிடும். அதை அப்போது சிங்கிளாகக்கூட வெளியிடவில்லை. பித்தளைக்கு நடுவே தங்கத்தை ஒளித்து வைப்பது ஒரு கலை.

இனி தேதிச் சண்டை. ஆல்பம் ஏப்ரல் 17 என்று முடிவாகியிருந்தது. அதே மாதம் பீட்டில்ஸின் 'லெட் இட் பி' ஆல்பமும் வர வேண்டும். ரிங்கோ தன் அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைப் பாடிய தனி ஆல்பம் மார்ச் 27-ல் வந்துவிட்டது. அதை யாரும் குடும்பத் துரோகம் என்று சொல்லவில்லை, அம்மாவுக்குப் பாடுவது நல்ல பிள்ளைக்கு அடையாளம். ஒரே வாரத்தில் வீட்டுச் சரக்கு ரெண்டு கடைக்கு வந்தால் வியாபாரம் கெடும் என்று ஜானும் ஜார்ஜும் மார்ச் 31-ல் பாலுக்குத் தெரியாமல் ரெக்கார்டு கம்பெனி இ.எம்.ஐ.க்கு எழுதி, அவர் ஆல்பத்தை ஜூன் 4-க்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு பாலுக்கு ஒரு கடிதம். மன்னித்துக்கொள், இதில் சொந்தப் பகை எதுவுமில்லை, அன்புடன், கடைசியில் ஹரே கிருஷ்ணா. தினம் ஒரு மந்திரம் சொன்னால் மாயை அண்டாது என்று ஒரு பின்குறிப்பு வேறு. ஜார்ஜின் கைவண்ணம். இந்தக் கம்பெனியே வேண்டாம், என்னை விடுங்கள் என்று பால் போனில் கேட்டதற்கும் ஜார்ஜ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்து, இங்கேயேதான் கிடப்பாய் என்று சொல்லி, ஹரே கிருஷ்ணா என்று போனை வைத்தாராம். பாலே சொன்னது. பகவான் நாமத்தை இப்படியும் பயன்படுத்தலாம் என்று பிருந்தாவனத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

கடிதத்தைக் கொண்டு கொடுப்பது யார்? ஆபீஸ் பையன் கையில் கொடுத்தனுப்புவது முறையாகாது, நானே போகிறேன் என்றார் ரிங்கோ. நாலு பேரில் யாரோடும் பகை இல்லாத ஆள். தூது போகிறவன் தலையில்தான் முதலில் விழும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேவண்டிஷ் அவென்யூவுக்குப் போனார். பால் படித்தார். கத்த ஆரம்பித்தார். முகத்துக்கு நேராக விரலை நீட்டி நீட்டி, உங்களை எல்லாம் ஒழித்துக்கட்டுகிறேன் பார், அனுபவிப்பீர்கள் என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போ என்றார். ரிங்கோ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இதெல்லாம் பின்னால் ரிங்கோ கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது.

திரும்பி வந்த ரிங்கோ என்ன செய்தார் தெரியுமா? அவனுக்கு அந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்று இப்போதுதான் தெரிந்தது, கொடுத்துவிடுங்கள் என்று மற்ற ரெண்டு பேரிடமும் பரிந்து பேசினார். ஏப்ரல் 17 நின்றது. 'லெட் இட் பி' மே 8-க்குப் போனது. இந்தக் குடும்பத்தில் ஒரே பெரிய மனுஷன் ரிங்கோதான் என்று நான் எந்தப் பஞ்சாயத்திலும் சொல்லத் தயார்.

ஆல்பத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கப் பாலுக்கு மனமில்லை. எனவே கேள்வியும் பதிலுமாக அச்சடித்து, ரெக்கார்டோடு ஒரு தாளைச் சேர்த்து அனுப்பினார்கள். பீட்டில்ஸோடு புது ஆல்பம் திட்டம் உண்டா? இல்லை. பிரிவு தற்காலிகமா, நிரந்தரமா? தெரியாது. காரணம்? தொழில், இசை, மனஸ்தாபம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தோடு இருப்பது சந்தோஷமாக இருக்கிறது. லெனனோடு சேர்ந்து மறுபடி பாட்டு எழுதுவீர்களா? இல்லை. முழுசாகப் படித்தால் எங்கேயும் 'விலகிவிட்டேன்' என்ற வாக்கியம் கிடையாது. ஏப்ரல் 10 காலை 'டெய்லி மிரர்' முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். பண்ணையில் உட்கார்ந்து தெளிவாகச் சொன்னபோது கேட்காத உலகம், தெளிவில்லாமல் சொன்னபோது கேட்டுவிட்டது.

ஜானுக்கு வந்ததே கோபம். குழுவை ஆரம்பித்ததும் நான், உடைத்ததும் நான், பெயர் மட்டும் அவனுக்கா? ரே கானலி என்ற பத்திரிகையாளரிடம் 1969 கிறிஸ்துமஸ் சமயமே தான் விலகிவிட்டதைச் சொல்லி, எழுதாதே என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஜான். கானலி எழுதவில்லை. இப்போது அவரைப் பிடித்து, நான் சொன்னபோதே ஏன் எழுதவில்லை என்று பாய்ந்தார். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றார் கானலி. பத்திரிகைக்காரன் நீயா நானா என்று கேட்டாராம் ஜான். வருஷக் கடைசியில் 'ரோலிங் ஸ்டோன்' பேட்டியில், பால் செய்ததை நான் செய்யாமல் போனேனே, விலகலை வைத்து ஒரு ரெக்கார்டு விற்றிருக்கலாமே என்று புலம்பினார். கூடவே, ஆல்பம் குப்பை என்றும் சொல்லி வைத்தார். ஜார்ஜ் கொஞ்சம் தாராளம்: ரெண்டு பாட்டு பிரமாதம், மற்றவை சுமார் என்று சொன்னார். இதில் நான் ஜார்ஜ் கட்சி.

விமர்சகர்கள் கிழித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். அந்த இடத்திலிருந்து அதைக் கீழே தள்ளியது எது? 'லெட் இட் பி'. பங்காளிச் சண்டையைத் தரவரிசைப் பட்டியலே நடத்திக் காட்டியது. பிரிட்டனில் சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ஆல்பம் வழிவிடாததால் ரெண்டாம் இடத்தோடு நின்றது. அவர்களும் அந்த வருஷமே பிரிந்துபோனார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் பாலுக்கு இதில் கைக்கு வந்தது என்ன என்று கேட்டால், அங்கேதான் நிஜமான வேடிக்கை. 1967-ல் நாலு பேரும் சேர்ந்து பத்து வருஷத்துக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். பாட்டு எழுதுவதற்கான ராயல்டி தவிர யார் தனியாகச் சம்பாதித்தாலும் பொதுக் கல்லாவில் போட வேண்டும். அறையைப் பூட்டிக்கொண்டு, கதவு கிறீச்சிட, தானே அடித்துத் தானே பாடிய ஆல்பத்தின் பணமும் அதே கல்லாவுக்குத்தான் போகும். கல்லாச் சாவி க்ளைனிடம். மாமனார் வீட்டு வக்கீல்கள் யோசித்துச் சொன்ன வழி: க்ளைன்மேல் கேஸ் போட முடியாது, ஒப்பந்தத்தில் அவர் இல்லை, மூணு கூட்டாளிகள்மேல்தான் போட வேண்டும். 1970 டிசம்பர் 31-ல் பால் போட்டார். புத்தாண்டு வாழ்த்து.

நீதிபதியின் பெயர் ஸ்டாம்ப். நான் கட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே ஜஸ்டிஸ் ஸ்டாம்ப். 1971 மார்ச்சில் அவர் பால் பக்கம் தீர்ப்புச் சொல்லி, கணக்கைப் பார்க்க ஒரு ரிசீவரைப் போட்டார். ரெண்டு வருஷம் கழித்து மற்ற மூணு பேரும் க்ளைனைக் கழற்றிவிட்டார்கள், வழக்கும் போட்டுக்கொண்டார்கள். பாலின் சந்தேகம் ஒருவேளை சரியாக இருந்திருக்கலாம் என்று ஜானே அரைவாயால் ஒப்புக்கொண்டார். க்ளைன் பின்னால் 1980-ல் வரி விவகாரம் ஒன்றில் ரெண்டு மாதம் உள்ளே போய் வந்தார்.

கடைசிப் பத்திரம் தயாரானது 1974 டிசம்பர் 19-ல், நியூயார்க் பிளாசா ஓட்டலில். பால் வந்தார். கச்சேரிப் பயணத்துக்கு நடுவே ஜார்ஜ் வந்தார். ரிங்கோ இங்கிலாந்திலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார், வழக்கம்போல. மேஜைமேல் காகிதக் கட்டு, சுற்றிலும் வக்கீல்கள். அதே ஊரில் இருந்த ஜான் மட்டும் வரவில்லை. கிரக நிலை சரியில்லையாம். பதிலுக்கு ஒரு பலூனை அனுப்பி வைத்தார். குடும்பத்தின் சாமியார் என்று பெயரெடுத்த ஜார்ஜுக்கு வந்த கோபத்தை மந்திரத்தால் அடக்க முடியவில்லை.

கிரகங்கள் சரியான இடத்துக்கு வரப் பத்து நாள் பிடித்தது. டிசம்பர் 29-ல், மகன் ஜூலியனைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போயிருந்த ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில், பாலினீஷியன் வில்லேஜ் ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஜான் கையெழுத்துப் போட்டார். கோர்ட் ஒப்புதல் 1975 ஜனவரியில் வந்தது. சும்மா விட்டிருந்தால் அந்தப் பத்து வருஷ ஒப்பந்தம் 1977-ல் தானாகவே காலாவதியாகியிருக்கும். அப்படி விட வக்கீல்களுக்கு என்ன பைத்தியமா?